வாய்க்கால் தெரு அணி

ஜனவரி 12, திங்கள்

ஆபரேஷன் செய்த டாக்டர் எழுதச் சொன்னது வேறு. எப்போது போனேன், எவ்வளவு போனேன், எப்போதெல்லாம் அடக்க முடியாமல் கசிந்தது என்று அடுத்த தடவை வரும்போது எழுதிக்கொண்டு வர வேண்டுமாம். முப்பது வருடத்துக்கு மேல் மைதானத்தில் நின்று விசில் ஊதிய டிரில் மாஸ்டர் மூத்திரம் போன விவரத்தை எழுதுவதாவது! முடியாது. ஆனால் வடிவு டைரி வாங்கி வந்துவிட்டாள். வெறுமனே கிடக்க வேண்டாமென்று நாள் நடப்பை எழுதி வைக்கிறேன்.

காலை தோசை, மல்லிச் சட்னி. தண்ணீர் மோட்டார் மறுபடியும் மக்கர். பக்கத்து வீட்டு லூர்துசாமி வாசலில் நின்று, "வேய் மாஸ்டர், ஆத்துப் பக்கம் ஒரு நடை போயிட்டு வருவமா?" என்று கூப்பிட்டார். தெருவில் நாய்த் தொல்லை அதிகம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல் நன்றாகப் பொங்கியது. கோயிலுக்கு வடிவு மட்டும் போய் வந்தாள். எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. (மணி காலை ஏழு.)

ஜனவரி 18, ஞாயிறு

மெத்தையை மாடியில் வெயிலில் போட்டிருந்தாள் வடிவு. என்ன விஷயம் என்று கேட்டேன். மூட்டைப்பூச்சி என்றாள். நம் வீட்டில் மூட்டைப்பூச்சி ஏது? நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது சொன்னாள்: "ஏங்க, ஆத்தங்கரை மைதானத்துல மூத்தோர் திருவிழா வைக்காவல்லா? அதுல கயிறு இழுக்கதுக்கு நம்ம தெருவுல பேரு குடுத்திருக்கோம்."

"யாரு?"

"நாங்கதான். நான், கைருன்னிசா, அற்புதம், அவ வீட்டுக்காரரு, பெறவு சொர்ணம், தங்கம். ஆறு பேரு."

"ஒனக்கு அறுபத்தஞ்சு வயசு."

"அறுபது தாண்டியிருந்தாத்தான் சேப்பாவளாம்."

கைருன்னிசா எதிர்வீடு. அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தெருவில் யாருக்கும் பயப்படாத வாய். லூர்துசாமி லாரி ஓட்டியவர். அற்புதம் அவர் மனைவி. சொர்ணமும் தங்கமும் கடைசி வீட்டு இரட்டைப் பிறவிகள். பிறந்த அன்று தொடங்கிய சண்டையை இன்னும் முடிக்கவில்லை. இந்த ஆறு பேர் சேர்ந்து ஒரு கயிற்றை இழுக்கப் போகிறார்கள். சிரித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது. இருமினேன். உடனே எழுந்து உள்ளே போக வேண்டியதாயிற்று.

ஜனவரி 20, செவ்வாய்

தெருவை ஒட்டிய காலி மனையில் லூர்துசாமியின் பழைய தார்ப்பாய்க் கயிற்றை வேப்பமரத்தில் கட்டி இழுக்கிறார்கள். மொட்டை மாடியில் துணி காயப்போடுவது போல நின்று பார்த்தேன். கண்கொண்டு பார்க்க முடியவில்லை. சொர்ணம் இழுக்கும்போது தங்கம் மூச்சு வாங்குகிறாள். தங்கம் இழுக்கும்போது சொர்ணம் தங்கத்தைத் திட்டுகிறாள். அற்புதம் செருப்போடு நிற்கிறாள். வடிவு நடுவில் நிற்கிறாள். அந்த உடம்பை யாராவது நடுவில் நிறுத்துவார்களா? கடைசியில் அல்லவா நிறுத்த வேண்டும்!

பொறுக்க முடியாமல் மேலிருந்து கத்திவிட்டேன்: "வடிவு, நீ பின்னால போ! கயித்த அக்குளுக்கு அடியில குடுத்து முதுகச் சுத்திக் கொண்டு வா!"

ஆறு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். கைருன்னிசா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அண்ணாச்சி, இறங்கி வந்து சொல்லுங்க. கழுத்து வலிக்கி" என்றாள்.

இங்கிருந்தே நன்றாகத் தெரிகிறது என்று சொன்னேன்.

ஜனவரி 25, ஞாயிறு

ஐந்து நாளாக மாடியிலிருந்துதான் பயிற்சி. தொண்டை கட்டிவிட்டது. ஆனால் முன்னேற்றம் உண்டு. கயிறு இழுப்பது கையால் அல்ல, குதிகாலால் என்பது லூர்துசாமிக்குப் புரிந்துவிட்டது. நான் "நில்லு" என்றால் யாரும் இழுக்கக் கூடாது. சாய்ந்து, பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். "எடு" என்றால் ஆறு பேரும் ஒரே அடி பின்னால் வைக்க வேண்டும். எதிராளி இழுத்து இழுத்துக் களைக்கட்டும். அவன் மூச்சு வாங்குகிற நேரம் நம்முடையது.

சொர்ணமும் தங்கமும்தான் பிரச்சினை. இருவரையும் முன்னும் பின்னுமாக நிறுத்தி, முன்னால் நிற்பவளின் ஜடையைப் பார்த்துக்கொண்டு இழுக்கச் சொன்னேன். "அவ சடையப் பாத்தா எனக்கு ஆத்திரமா வருது, மாஸ்டர்" என்றாள் தங்கம். அந்த ஆத்திரம்தான் வேண்டும் என்றேன். நன்றாக இழுக்கிறாள்.

பெரிய மெடிக்கல் கடையில் வாங்க வேண்டிய சாமான் தீர்ந்துவிட்டது. போன தடவை நானே பஸ் ஏறித் திருநெல்வேலி போய், தெரியாத கடையில் வாங்கி வந்தேன். இப்போது எப்படிப் போவது என்று யோசித்துக்கொண்டு அலமாரியைத் திறந்தால், வேட்டிகளுக்கு அடியில் புதுக் கட்டு ஒன்று இருக்கிறது. நானே வாங்கி வைத்து மறந்திருப்பேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

இன்று கீழே இறங்கினேன். காலி மனைதானே, வீட்டிலிருந்து இருபது அடி. தங்கத்தின் கால் வைப்பு தப்பாக இருந்தது. அதை மாடியிலிருந்து விளக்க முடியாது. அரைமணி நேரம் நின்றேன். கறுப்புக் கைலி கட்டியிருந்தேன்.

ஒன்றும் ஆகவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

வடிவு மூட்டுவலித் தைலம் ஒரு பாட்டிலைத் தீர்த்துவிட்டாள். வாய்க்கால் தெரு முழுக்க அந்த வாசனைதான். எனக்கும் திருவிழாவுக்குப் பெயர் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். பயிற்சியாளர் வராவிட்டால் அணியைச் சேர்க்க மாட்டார்களாம். அப்படி ஒரு விதி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அன்று ரோடு தோண்டுவார்களே என்றேன். "ஞாயித்துக்கிழமை எவன் ரோடு தோண்டுவான்?" என்றாள்.

பிப்ரவரி 7, சனி

மைதானம் எப்படி இருக்கிறது என்று பார்க்க நானே ஆட்டோவில் போய் வந்தேன். மண் இறுக்கம், புல் குறைவு, குதிகால் பிடிக்கும். பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் தகரம் அடித்த கழிப்பறைகள். கயிறு இழுக்கும் இடத்துக்கும் அதற்கும் நடுவே ராட்டினமும் பலகாரக் கடைகளும். சுற்றிக்கொண்டு போக வேண்டும். தூரம்தான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

கை எரிகிறது. பேனா பிடிக்க முடியவில்லை. நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 9, திங்கள்

உள்ளங்கையில் வடிவு தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். எழுத்து கோணலாக வந்தாலும் பரவாயில்லை, எழுதியே ஆக வேண்டும்.

நேற்றுக் காலை எட்டரைக்கு வேனில் போனோம். மைதானம் முழுக்க நரைத்த தலைகள். கண் பரிசோதனைக்கு ஒரு வரிசை, சர்க்கரை பரிசோதனைக்கு ஒரு வரிசை. சர்க்கரை பார்த்து முடித்தவர்கள் எல்லாம் நேரே அல்வாக் கடையில். பெரியவர்களுக்காக ராட்டினத்தை மெதுவாகச் சுற்றினார்கள். சொர்ணமும் தங்கமும் ஒரே பெட்டியில் ஏறி, மேலே போனதும் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அலறினார்கள். இறங்கியதும், அலறியது மற்றவள் என்று இருவரும் சத்தியம் செய்தார்கள்.

முதல் இரண்டு சுற்றும் எளிது. எதிரணிகள் கயிற்றைப் பிடித்ததும் ஆவேசமாக இழுத்தார்கள். நான் ஓரத்தில் குனிந்து நின்று "நில்லு... நில்லு..." என்றேன். நம்மவர்கள் அசையவில்லை. எதிரே மூச்சு வாங்கியது. "எடு!" என்றேன். அவ்வளவுதான், முருங்கைக் கிளை முறிகிற மாதிரி மொத்தமாக வந்துவிட்டார்கள். கைருன்னிசா குலவை போட்டாள்.

மத்தியானச் சாப்பாடு பந்தலில். இறுதிப் போட்டி மூன்று மணிக்கு, போன வருடம் ஜெயித்த கொட்டாரத் தெரு அணியோடு. எலுமிச்சைச் சாதத்தைப் பிசைந்துகொண்டே கைருன்னிசா சொன்னாள்: "எப்படியோ மதினி நெனைச்சதச் சாதிச்சுட்டாவ. அண்ணாச்சிய வீட்ட விட்டுக் கிளப்பணும்னு தானே எங்க எல்லாரையும் கயிறு பிடிக்க வச்சாவ. இல்லேன்னா இந்த வயசுல எனக்கு எதுக்குக் கயிறு?"

சொல்லி முடித்த பிறகுதான் வடிவின் முகத்தைப் பார்த்தாள். சாதத்தை மறுபடியும் பிசையத் தொடங்கினாள்.

நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன். கை கழுவக்கூட இல்லை. மைதானத்து வாசலை நோக்கி நடந்தேன். காதெல்லாம் சூடு. அப்படியானால் தெருவுக்கே தெரியுமா? ஆறு பேரும் என் இடுப்பைப் பார்த்துக்கொண்டேதான் மூன்று வாரம் கயிறு இழுத்தார்களா?

வடிவு பின்னாலேயே வந்தாள். மூட்டுவலியோடு அவளால் வேகமாக நடக்க முடியாது. "நில்லுங்க" என்றாள். நான் நிற்கவில்லை. "நில்லு!" என்று கத்தினாள், நான் கத்துகிற அதே குரலில். நின்றுவிட்டேன்.

"எல்லார்ட்டயும் சொல்லிட்டியா?"

"என்னத்தச் சொன்னேன்? மனுசன் ஆபரேசனுக்குப் பெறவு வீட்டுக்குள்ளயே கெடக்காவன்னு சொன்னேன். ஏன்னு சொல்லல. அவளுவளும் கேக்கல."

"ஒனக்குத் தெரியுமா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "மெத்தையக் காயப்போடுதவளுக்குத் தெரியாதா? அலமாரியில வாங்கி வச்சது யாருன்னு நெனைச்சிய?"

சோறு ஒட்டிய கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க" என்றாள். வாசலருகே பலூன்காரன் நின்றான். அவனைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள். "மூணு பெத்தவ நான். மூணாவதுக்குப் பெறவு இருமுனா, தும்முனா, குனிஞ்சு தண்ணிக் கொடம் தூக்குனா எனக்கும் அப்படித்தான். முப்பத்தஞ்சு வருசமா. அந்தச் சேலையோடதான் கல்யாணத்துக்குப் போனேன், தேருக்குப் போனேன், பஸ்ஸுல நின்னேன். நீங்க ஒரு நாளாவது கண்டுபிடிச்சியளா?"

"ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

முப்பத்தைந்து வருடம். ஒரே வீடு. துள்ளி ஓடுகிற பையன்களின் கால் சுளுக்கை நடையிலேயே கண்டுபிடிப்பேன் என்று பெயர் வாங்கியவன் நான். இவள் நடையை நான் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. நான் அழவில்லை. கண்ணில் மண் விழுந்தது, மைதானம் அல்லவா.

"வாங்க" என்றாள். "மூணு மணிக்கு மாட்ச்."

திரும்பிப் போனால் அங்கே வேறு கதை. இறுதிப் போட்டிக்கு முன் எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்த்திருக்கிறார்கள். லூர்துசாமிக்கு மேலே ஏறிக் கிடக்கிறது. கயிற்றைத் தொடக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். "ரெண்டு ஜாங்கிரிதான் தின்னேன், வேய்" என்று அவர் நாற்காலியில் உட்கார்ந்து புலம்பினார். ஐந்து பேரோடு ஆட விடமாட்டோம், அறுபது தாண்டிய இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் விழாக் குழுச் செயலாளர்.

யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். அற்புதம் மட்டும் மெதுவாக, "பரவால்ல மாஸ்டர், பைனல் வரைக்கும் வந்தோம்லா" என்றாள்.

ஆபரேஷன் செய்த டாக்டர் எனக்கு எந்த வேலைக்கும் தடை சொல்லவில்லை. நடங்கள், குனியுங்கள், தூக்குங்கள், எல்லாம் செய்யலாம் என்றுதான் சொன்னார். தடை போட்டது நான்தான். டாக்டரம்மா முன் போய்க் கையை நீட்டினேன். ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு லூர்துசாமியின் இடத்தில், கயிற்றின் முன்முனையில், நின்றேன்.

எதிரே கொட்டாரத் தெரு. அவர்களுக்குக் கடைசி ஆள் ராஜகனி என்று ஒரு அம்மாள். நெல் மூட்டையைத் தானே தூக்கி வண்டியில் போடுவாளாம். பார்த்தாலே நம்பலாம். என் முகத்துக்கு நேரே ஒல்லியான ஒரு பெரியவர், வெற்றிலைக் காவி பல்லோடு, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

முதல் இழுப்பு தோற்றோம். விசில் கேட்டதும் எனக்குக் கால் எழவில்லை. இடுப்பை இறுக்கிக்கொள்வதிலேயே கவனம் போய்விட்டது. வடிவு கடைசியிலிருந்து, "மாஸ்டர், நெனைப்பு எங்க இருக்கு?" என்று கத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை மாஸ்டர் என்று கூப்பிட்டதில்லை.

இரண்டாவது இழுப்பில் "நில்லு" என்றேன். நின்றார்கள். "எடு" என்றேன். வந்தது. கூட்டம் எழுந்துவிட்டது.

மூன்றாவது. எவ்வளவு நேரம் நடந்தது என்று தெரியாது. கயிறு முறுக்கிய கம்பி மாதிரி நின்றது. ராஜகனி சாய்ந்தால் நாங்கள் ஆறு பேரும் ஒரு விரல் அளவு நகர்ந்தோம். வடிவு சாய்ந்தால் அது திரும்பி வந்தது. எனக்குப் பின்னால் சொர்ணம் முருகனைக் கூப்பிட்டாள், கைருன்னிசா அல்லாவைக் கூப்பிட்டாள், அற்புதம் மாதாவை. தங்கம் மட்டும் சொர்ணத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள். எதிரே பெரியவரின் தோள் ஒரு கணம் தளர்ந்தது. பார்த்துவிட்டேன். அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுத்து, "எடு!" என்று கத்தினேன்.

அந்தக் கத்தலோடு அதுவும் வந்தது. கொஞ்சமாக அல்ல. உள்ளே வைத்திருந்த டயாபரை மீறித் தொடை வழியாகச் சூடாக இறங்கியது. எனக்குத் தெரிந்தது. நன்றாகத் தெரிந்தது. கயிற்றை விட்டிருந்தால் ஓடியிருக்கலாம். ஐந்து மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

"எடு!" என்றேன் மறுபடியும். "எடு! எடு!"

ஒவ்வொரு அடியாக வந்தார்கள். பெரியவர், அவர் பின்னால் நின்றவர், கடைசியில் ராஜகனியின் குதிகால் மண்ணில் கோடு போட்டுக்கொண்டு வந்தது. கயிற்றில் கட்டியிருந்த சிவப்புத் துணி எங்கள் பக்கக் கோட்டைத் தாண்டியதும் ஆறு பேரும் மல்லாக்க விழுந்தோம். வானம் தெரிந்தது. எவ்வளவு பெரிய வானம்! சொர்ணமும் தங்கமும் விழுந்த இடத்திலேயே கட்டிக்கொண்டு அழுதார்கள். இந்த முறை இருவரும் மறுக்கவில்லை.

லூர்துசாமி ஓடி வந்து தூக்கிவிட்டார். என் காதருகே, "வேய், பேண்டு நனைஞ்சிருக்கு" என்றார்.

"தெரியும்" என்றேன்.

தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன்.

மேடைக்கு அப்படியே ஏறினேன். கோப்பையை வடிவு வாங்கினாள். தொகுப்பாளினி மைக்கை நீட்டி, இந்த வயதில் எப்படி முடிந்தது என்று கேட்டாள். வடிவு மைக்கை என் பக்கம் தள்ளிவிட்டாள். சுதந்திர தின விழாக்களில் எத்தனையோ மைக் பிடித்தவன். நேற்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சொன்னேன்: "எனக்குப் புராஸ்டேட் ஆபரேசன் ஆகி அஞ்சு மாசம் ஆச்சு. மூத்திரம் இன்னும் கட்டுப்பாட்டுக்கு வரல. இப்பவும் நனைஞ்சுதான் நிக்கேன். அதுக்காகக் கயித்த விட்டுரல. அவ்வளவுதான்."

முதலில் கைருன்னிசா கை தட்டினாள். பிறகு ராஜகனி தட்டினாள். அந்தக் கை தட்டினால் சத்தம் கேட்கத்தானே செய்யும். அப்புறம் எல்லோரும்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. கரும்புச்சாற்றுக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். "சாறு நல்லாருக்கா, சார்?"

"நல்லாருக்கு."

"இஞ்சி போடுதானா?"

"போடுதான்."

கொஞ்ச நேரம் ராட்டினத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்: "எந்த டாக்டரு?"

அவர் போனதும் இன்னொருவர் வந்து வெயில் எப்படி என்று விசாரித்தார். அவருக்குப் பின்னால் ஒருவர். கடைசியாக வந்தவர், கயிற்றுக்கு எதிர்முனையில் நின்ற வெற்றிலைக் காவிப் பெரியவர். "நாலு வருசமா நான் மூத்த மக வீட்டுக்குப் போவல" என்றார். "அவ மெத்தையில தூங்கச் சொல்லுவா, அதான்." அவருக்கும் ஒரு டம்ளர் சாறு சொன்னேன்.

வேனில் திரும்பும்போது கோப்பை ஒவ்வொருவர் மடியாக மாறிக்கொண்டே வந்தது. பாலம் தாண்டும்போது வடிவு தும்மினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என்ன ஏது என்று மற்றவர்கள் கேட்டும் இரண்டு பேரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 11, புதன்

காலையில் லூர்துசாமியோடு ஆற்றுப் பக்கம் நடந்தேன். படித்துறையில் உட்கார்ந்திருந்தோம். வரும் வழியில் டீக்கடை; அவருக்குச் சர்க்கரை இல்லாமல், எனக்குச் சர்க்கரையோடு. நடுவில் ஒரு தடவை கசிந்தது. மாற்றுவதற்குப் பையில் வைத்திருந்தேன். மாற்றிக்கொண்டேன். அதன்பின் நூலகத்துக்குப் போய், அங்கிருந்து காய்கறிச் சந்தைக்குப் போய் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு வீடு வரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

வடிவு வாசலில் நின்றாள்.

"ஒங்களத் தேடி ரெண்டு பேரு வந்தாவ. ஒருத்தர் கல்லிடைக்குறிச்சியிலேர்ந்து சைக்கிள்ல வந்திருக்காரு."

"என்ன சொன்ன?"

"வீட்ல இல்ல, வெளிய போயிருக்காவன்னு சொன்னேன்."

முருங்கைக்காயை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தாள். சமையலறை வாசலில் ஒரு நிமிடம் நின்று, யாரிடமும் இல்லாமல், தனக்குத்தானே இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள்:

"வெளிய போயிருக்காவ."